ஓர் உள்ளங்கை இடம்

என் அம்மாவைத் தாழ்மையுள்ளவள் என்று நாலு பேர் முன்னால் சொன்ன ஒரே ஆள் ஆஸ்பத்திரி நிர்வாகிதான். அதைக் கேட்டு அம்மாவுக்கு வந்த கோபம் எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை. எனக்கு வந்த கோபமும் ஆறவில்லை, ஆனால் அது வேறு கோபம். இரண்டும் ஒன்றுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைத் தெரிந்தவர்கள் யாரும் அந்த வார்த்தையை அவளுக்குப் பொருத்திப் பார்க்கமாட்டார்கள். எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டிக்காரர் அம்மாவைக் கண்டால் இறங்கி வந்து வாளியை அவரே எடுத்துக் கொட்டுவார். ஒருமுறை வாசலில் பாதியைச் சிந்திவிட்டுப் போனதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு மறக்கவில்லை. சர்ச்சில் பாட்டு இழுவையாகப் போனால் அம்மா மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவாள். "உங்கம்மா ஜெபம் பண்ண ஆரம்பிச்சா மேல இருக்கறவரே எழுந்து நின்னுதான் கேப்பாரு" என்பார் அப்பா. அப்பா தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. புதுத்துணி தைக்க அவரிடம் யாரும் வருவதில்லை. தொளதொளப்பைப் பிடிக்க, நீட்ட, கிழிசல் தைக்க வருவார்கள். நாள் முழுக்க அடுத்தவர் உடம்பின் அளவு மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு எதிலும் பெரிய அதிர்ச்சி கிடையாது.

அம்மா வேலை பார்த்த இடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு நீள அறை. ஜன்னல்களைத் திறக்கக்கூடாது. ஆபரேஷனுக்கு வேண்டிய துணிகளையும் கத்தி, கத்தரி, இடுக்கிகளையும் மடித்து, சுற்றி, மூட்டையாகக் கட்டி, நீராவியில் வேகவைத்துக் கிருமி இல்லாமல் தியேட்டருக்கு அனுப்புவதுதான் அந்த அறையின் வேலை. வேகவைக்கும் இயந்திரத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அறையில் எல்லாரும் அதை அண்டா என்றுதான் சொல்வார்கள். அதை ஓட்டுகிறவர் ஆவிக்காரர், அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள். "பரிசுத்தம் மட்டும்தான் சேரல" என்று அறைப்பெண்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவர் சர்ச்சுக்கு வருகிறவர் இல்லை. வாயைத் திறந்தால் சுருட்டு வாடைதான் வரும்.

கல்யாணமான புதிதில் அம்மா அந்த ஆஸ்பத்திரியின் நடைபாதைகளைக் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். துடைப்பத்தோடு அந்த அறை வாசலில் நின்று மூட்டை கட்டுவதைப் பார்ப்பாளாம். ஒருநாள் கட்டுகிற பெண் வராமல் போக, தியேட்டரிலிருந்து ஆள் வந்து கத்த, அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கை கழுவினாள். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றவள். நான் கல்லூரிக்குப் போன முதல் நாள், பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "எம்பொண்ணு டிகிரி படிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொன்னவள். இவளிடம் என்ன தாழ்மை?

அந்த அறையின் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். அண்டாவுக்குள் மூட்டைகளைப் படுக்கவைக்கக்கூடாது, அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல நிற்கவைக்கவேண்டும். இரண்டு மூட்டைக்கு நடுவில் ஓர் உள்ளங்கை நுழையவேண்டும். நெருக்கி அடுக்கினால் நீராவி மூட்டையின் வயிற்றுக்குள் போகாது. மூட்டையின் மேல் ஒட்டும் நாடாவில் சில கோடுகள் இருக்கும், சூடு பட்டதும் அவை கறுத்துவிடும். ஆனால் அது வெளிச்சூட்டுக்கு மட்டும்தான் சாட்சி. மூட்டையின் நடுவில் ஓர் அட்டைத்துண்டு வைப்பார்கள். உள்ளே வரை ஆவி போயிருந்தால்தான் அதன் நிறம் மாறும். அதைத் தியேட்டரில் மூட்டையைப் பிரிக்கும்போதுதான் பார்க்கமுடியும். புதிதாகச் சேரும் பெண்களின் கையைப் பிடித்து அம்மா மூட்டைகளுக்கு நடுவில் விடுவாள். "உன் கையே போகலன்னா ஆவி எப்படிடி போகும்?" என்பாள். இது அவள் கண்டுபிடித்ததில்லை, அறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவள் சொன்னால் திட்டுகிற மாதிரி இருக்கும், அதனால் மனதில் நிற்கும்.

அறையின் பழைய பொறுப்பாளர் வயதாகி ஓய்வு பெற்றதும் அந்த இடம் காலியானது. பொறுப்பாளருக்கு நீலக் கோட்டு, மேஜை, நாற்காலி. மற்றவர்கள் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கவேண்டும். சான்றிதழ் படிப்பு படித்தவர்களைத்தான் அந்த இடத்துக்கு எடுப்பார்கள். ஆனால் தியேட்டர் டாக்டரம்மா அம்மாவுக்காகப் பேசினார். நிர்வாகி யோசித்துப் பார்த்துவிட்டு, புது ஆள் எடுக்கும்வரை அம்மா தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளட்டும், புகார் எதுவும் வராமல் ஓட்டிக் காட்டினால் அவளுக்கே கொடுப்பது பற்றிக் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் பேசுகிறேன் என்றார்.

நிர்வாகியைப் பற்றி நான் நிதானமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அம்மாவைப் பார்த்தால் "சகோதரி" என்பார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தால் "ஏம்மா" என்பார். காலை ஜெபத்தில் டாக்டர்கள் நாற்காலியில் இருப்பார்கள், வார்டு ஆயாக்களும் துப்புரவுக்காரர்களும் பின்னால் நிற்பார்கள். அவருக்குப் பிடித்த தலைப்பு தாழ்மை. அதைப் பற்றிப் பேசும்போது அவர் கண் எப்போதும் பின்வரிசையைத்தான் பார்க்கும். அவரும் ஆண்டவரும் சேர்ந்து பின்வரிசைக்காரர்களுக்காகவே அந்தக் குணத்தைக் கண்டுபிடித்துவைத்த மாதிரி. சீஷர்களின் காலைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி அவர் பேசாத மாதம் கிடையாது. நான் கல்லூரியில் படித்ததெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், இது எனக்குச் சின்ன வயதிலேயே தோன்றியிருக்கிறது: கழுவச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லையே. தான் யார் என்று தெரிந்த ஒருவர், தானாக எழுந்து, தானாகக் குனிந்தார். பிறந்ததிலிருந்து குனிந்தே இருக்கிறவர்களைப் பார்த்து இன்னும் குனி என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எங்களிடம் விட்டுக்கொடுக்க என்ன இருந்தது? முதல்முறையாக ஒன்று வரப்போனது. ஒரு நீலக் கோட்டு.

அந்தக் கோட்டை அப்பா முன்கூட்டியே தைத்துவிட்டார். ஆஸ்பத்திரி கொடுப்பது தொளதொள என்று இருக்கும், என் பெண்டாட்டி அதைப் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்று அவரே துணி வாங்கி, அம்மா தூங்கும்போது தோளில் நாடாவைப் பிடித்து அளவு எடுத்தார். அம்மா கண்டுபிடித்துக் கத்தினாள். "இன்னும் இலை போடவே இல்ல, அதுக்குள்ள கை கழுவிட்டு உக்காந்துட்டாரு." கத்திவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்தபோது, உள்ளறையில் அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் பைகளுக்குள் விட்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பசித்தவன் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டேன்.

எனக்கும் அந்தப் பசி இருந்தது. படிப்பு முடித்து நான் வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. நேர்முகத் தேர்வில் எல்லா இடத்திலும் ஒரு கேள்வி வரும்: அம்மா என்ன பண்றாங்க? மூட்டை கட்டுறாங்க என்று சொல்லி, அது என்ன மூட்டை என்று விளக்கி, எதிரே இருப்பவர் முகத்தில் வரும் இரக்கத்தைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் மற்ற கேள்விகளுக்குப் போகமுடியும். பொறுப்பாளர் என்று ஒரு வார்த்தை கிடைத்தால் அதோடு முடிந்துவிடும். இது அற்ப ஆசையா? அற்பம்தான் என்றால், அற்பம் இல்லாத ஆசைகளை வைத்திருப்பவர்கள் யாரென்று எனக்குக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் இலவச அறுவைச் சிகிச்சை முகாம் வைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக ஆபரேஷன். அதோடு, கமிட்டி ஆட்கள் முகாமுக்கு முந்தின நாள் மதியம் வந்து எல்லா அறைகளையும் பார்ப்பதாக ஏற்பாடு. அலமாரி நிறைந்திருக்கவேண்டும், அம்மாவின் திறமையை அவர்களுக்குக் காட்ட இதுதான் சமயம் என்று நிர்வாகி அன்று காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்று தடவை அண்டாவில் ஏற்றவேண்டிய மூட்டைகள் இருந்தன. மதியத்துக்குள் இரண்டு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

இரண்டு தடவையில் முடிந்தது. கமிட்டி வந்தபோது அலமாரி நிறைந்து, நாடாக்கள் எல்லாம் கறுத்த கோடுகளோடு வரிசையாக நின்றன. நிர்வாகி அம்மாவின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று வீட்டில் அம்மா யாரையும் திட்டவில்லை. அதை நாங்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை முதல் ஆபரேஷன். வயிற்றில் கட்டி இருந்த ஒரு லாரி ஓட்டுநரை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். நர்ஸ் மூட்டையைப் பிரித்தார். நடுத்துணி ஈரமாக இருந்தது. அட்டைத்துண்டு நிறம் மாறவில்லை. அடுத்த மூட்டையும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும். டாக்டரம்மா கத்தியைத் தொடாமலே கையுறையைக் கழற்றினார். ஓட்டுநரை மயக்கம் தெளிவித்து வெளியே கொண்டுவந்தார்கள். மூட்டைகளைத் திருப்பி வாங்கப் போயிருந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் போன அந்த ஆள் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, "முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டாராம்.

மூட்டை ஈரமாவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நெருக்கி அடுக்கியிருக்கவேண்டும், அல்லது உள்ளே காய்வதற்கு முன் அண்டாவின் கதவைத் திறந்திருக்கவேண்டும். ஆவிக்காரர் முன்பு ஒருமுறை, சுருட்டுப் பிடிக்கப் போகும் அவசரத்தில் கதவைச் சீக்கிரம் திறந்து மாட்டிக்கொண்டவர். நிர்வாகி யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஆவிக்காரரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார், விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று. நான் திறக்கவில்லை என்று அவர் கத்தியதைச் சலவைக்கூடம் வரை கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் நம்பவில்லை. அம்மா மேஜையருகே நின்று நாடா வெட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. அம்மா எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தாள். தண்ணீர்க் குடத்துக்கு மூடி சரியில்லை, அப்பா ஊசியைக் கண்ட இடத்தில் குத்திவைக்கிறார், நான் படித்து என்ன கிழித்தேன். சாப்பாட்டுக்கு முன் எப்போதும் அவள்தான் சத்தமாக ஜெபம் பண்ணுவாள். அந்த வாரம் தட்டு வைத்ததும் சாப்பிட ஆரம்பித்தாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணன் கதவைத் திறக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் நெருக்கினேன். கை நுழையல. தெரிஞ்சேதான் அண்டாவைச் சாத்தச் சொன்னேன்."

என் முதல் எண்ணம் அந்த லாரி ஓட்டுநரைப் பற்றியதாகவோ ஆவிக்காரரைப் பற்றியதாகவோ இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. கோட்டு போச்சு என்றுதான் நினைத்தேன். பிறகு வரிசையாக வாதங்கள் வந்தன, படித்தவள் இல்லையா. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூட்டைகளைத் திருப்பி வேகவைத்தாயிற்று. ஆவிக்காரர் முன்பு செய்தவர்தான், இன்றில்லாவிட்டால் நாளை செய்திருப்பார். அவரை எப்படியும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அண்டாவை ஓட்ட வேறு ஆள் இல்லை. அவசரப்படுத்தியது யார்? நிர்வாகிதானே? அவர் போய் ஒத்துக்கொள்வாரா? எப்போதும் நாம்தானா? சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. அம்மா வெங்காயத்தை முடித்துவிட்டுத் தோலைக் கூட்டி எடுத்தாள்.

"நீ சொல்றதெல்லாம் எனக்கும் தோணுச்சுடி. எல்லாத்தையும் நான் முன்னாடியே யோசிச்சிட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவளைத் தடுப்பதற்காகத்தான் கூடப் போனேன். வழி முழுக்கப் பேசினேன். நிர்வாகியின் அறைக் கதவு சரியாகச் சாத்தாத கதவு, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். அம்மா சுற்றி வளைக்கவில்லை, என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். உங்களை யார் கேட்டார்கள் என்றார் அவர்.

"யாரும் கேக்கல ஐயா. அதனாலதான் வந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். இனிமேல்தான் கமிட்டி கூடப்போகிறது, அம்மாவின் பெயரை அவரே எழுதிவைத்திருக்கிறார். இந்த நேரத்தில் இதைக் கிளறினால் ஆஸ்பத்திரிக்கும் நல்லதில்லை, அவளுக்கும் நல்லதில்லை. அந்த ஆளுக்கு ஏற்கெனவே பெயர் கெட்டுத்தான் கிடக்கிறது, இன்னொன்று சேர்ந்தால் என்ன குறைந்துவிடும். "தாழ்மையா, அமைதியா இருங்க சகோதரி. அது போதும். வரவேண்டியது தானா வரும்." அலுவலக அறையில் அவர் அவளைச் சகோதரி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அம்மாவின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"எனக்கு அந்த இடம் வேணும் ஐயா. ரொம்ப வேணும். வேணும்னுதான் நெருக்கினேன். நீங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள அலமாரி நிறைஞ்சிருக்கணும், என் பேரைச் சொல்லணும்னு நெருக்கினேன். இப்ப வாயை மூடிட்டு அந்த இடத்துல உக்காந்தா, அதுவும் நெருக்கி அடுக்கினதுதான். அண்ணனைக் கூப்பிடுங்க. அறையில எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

சொன்னாள். ஆவிக்காரரை வரவழைத்து, பெண்கள் எல்லாரும் நிற்க, சொன்னாள். நான் எதிர்பார்த்தது என்னவென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் கண் கலங்குவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏம்மா, நான் கத்தினப்ப நீ நாடாதானே வெட்டிட்டிருந்த?" என்றார். அம்மா ஆமாம் என்றாள். "என் பொண்டாட்டியே என்னை நம்பல தெரியுமா?" என்றார். அதற்கும் அம்மா தலையாட்டினாள். அவர் அண்டாவுக்குப் போய்க் கதவின் ரப்பரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும் வழியில், நன்றிகெட்ட மனுஷன் என்றேன் நான். நன்றி எதுக்கு என்று அம்மா என் மேல் விழுந்தாள். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் நன்றி சொல்வார்களா?

அம்மாவின் பெயரைக் கமிட்டிக்கு அனுப்பவில்லை. சான்றிதழ் படித்த ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். என்னைவிட இரண்டொரு வயது பெரியவளாக இருப்பாள், அவ்வளவுதான். அம்மா மறுபடி நின்றுகொண்டே மூட்டை கட்டினாள். இது நியாயமான தண்டனை என்று அவள் நினைத்தாளா? கேட்டேன். "நியாயம்தான். ஆனா வலிக்குது. ரெண்டும்தான்" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். மாதக் கடைசி ஞாயிறு, ஊழியர்களின் குடும்பங்களும் வரும் ஆராதனை. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். ஆவிக்காரரைக்கூட அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த மனிதர் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நிர்வாகி பேச எழுந்தார். தாழ்மை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நடுவிலேயே ஒரு சகோதரி இருக்கிறார் என்று கேட்டதும் தலையை நிமிர்த்தினேன். பதவியைத் துரும்பாக உதறியவர், ஒரு சிறியவனுக்காகத் தன்னையே தாழ்த்திக்கொண்டவர், நம் ஆஸ்பத்திரி எப்படிப்பட்ட ஊழியர்களை வளர்க்கிறது என்பதற்கு அவரே சாட்சி என்றார். எழுந்து நிற்கச் சொன்னார். முன்வரிசையில் கைதட்ட ஆரம்பித்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைக் குனியச் சொன்னதும் இவர்தான். நிமிர்ந்ததற்கும் இவரே பெயர் வாங்குகிறார்.

அம்மா எழுந்து நின்றாள். அப்பா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உட்கார் என்று. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கைதட்டாதீங்க" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கிற குரல். "ஐயா, இதுல தாழ்மை ஒண்ணும் இல்ல. தப்புப் பண்ணேன், லேட்டா சொன்னேன். அண்ணனை வீட்டுக்கு அனுப்பினப்ப நான் வாயை மூடிட்டு இருந்தேன். நான் சொன்னதுக்கு அப்புறமும் மூடிக்கச் சொன்னீங்க நீங்க. அவரு சிறியவரும் இல்ல. தியேட்டர்ல படுத்திருந்தவரு என்னைப் பாத்து முடிஞ்சிடுச்சான்னு கேட்டாரு, அவருகிட்ட நான் இன்னும் போய்ச் சொல்லல. அதை முடிக்காம என்னை இங்க ஏத்தி வைக்காதீங்க."

உட்கார்ந்தாள். ஆவிக்காரர் பின்னால் ஓர் இருமல் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். நிர்வாகி, பாட்டுப் பாடலாம் என்றார். இழுவையான பாட்டு. அம்மா இரண்டாம் வரிக்குள் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் வார்டுக்குப் போனாள். லாரி ஓட்டுநருக்கு அதற்குள் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரிக்கக் காத்திருந்தார்கள். அம்மா சொன்னதை அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டார். அவர் மனைவிதான் பிடித்துக்கொண்டார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி, உன் வீட்டு ஆம்பளையை இப்படிப் படுக்கவைத்து எழுப்பினால் சும்மா இருப்பாயா, வேலை தெரியாதவர்கள் எதற்கு வருகிறீர்கள் என்று ஓயாமல் திட்டினார். அம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. வார்டு ஆயா வந்து இதைச் சொன்னபோது அப்பா உண்மையிலேயே பயந்துவிட்டார். "திருப்பிப் பேசலியா? அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் குறையவில்லை. அம்மா அந்த மேடையைத் தட்டிவிட்டது பிடித்திருந்தது. ஆனால் தட்டிவிட்டும் நாற்காலி அவளுக்கு வரவில்லையே? நிர்வாகி நிர்வாகியாகவே இருக்கிறார். அடுத்த மாதமும் அவர்தான் பேசுவார். உலகப் பெருமையை விட்டுவிடு என்பதை விட்டவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, விடாதவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஜெபம் பண்ணுகிறேன், நிறுத்தவில்லை. ஆனால் அந்த நாட்களில் என் ஜெபம் பெரும்பாலும் சண்டைதான்.

புதுப் பொறுப்பாளருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கோட்டு அவளை விழுங்கிவிட்டது. ஒல்லியான பெண். கையை மடித்து மடித்து விட்டும் விரல் நுனிதான் தெரியும். மூட்டையைத் தூக்கினால் கோட்டு முதலில் வரும், மூட்டை பிறகு வரும். அறைப்பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். வீட்டில் அம்மா அதைச் சொல்லும்போது அவளும் நடித்துக் காட்டினாள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

நீலக் கோட்டைக் கொண்டுவந்து அப்பாவின் மெஷின் மேல் போட்டாள். அந்தப் பெண்ணின் தோள் இவ்வளவு இருக்கும், இடுப்பு இவ்வளவு இருக்கும் என்று கையாலேயே காற்றில் அளந்து காட்டி, இதைப் பிடித்துக் கொடுங்கள் என்றாள்.

அப்பா அதைத் தொடவில்லை. "இது உன் அளவுக்குத் தச்சது."

"தெரியும். அதான் பிடிக்கச் சொல்றேன்."

நான் வெடித்துவிட்டேன். இடத்தையும் கொடுத்துவிட்டு, கோட்டையும் கொடுக்கவேண்டுமா? அப்பாவின் உழைப்பு அது. அந்தப் பெண்ணுக்கு அது யாருக்காகத் தைத்தது என்று தெரியுமா, தெரிந்தால் அவள் உனக்கு என்ன பட்டம் கொடுப்பாள், அடுத்த ஆராதனையில் நிர்வாகி இதற்கும் ஒரு பிரசங்கம் வைக்கமாட்டாரா என்று கேட்டேன். உனக்கு ரோஷமே இல்லையா என்றும் கேட்டேன். அம்மாவைப் பார்த்து நான் அப்படிக் கேட்டதில்லை. அவளும் நின்று கேட்டுக்கொண்டாள். நான் கேட்டு முடித்ததும் அவள் முகம் சிவந்தது.

"பெருந்தன்மையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது பீரோவுல இருந்தா நான் தினமும் தொறந்து பாப்பேன்டி. இப்பவே பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வெளியே போனா போட்டுப் பாக்கறேன். ஒருநாளு அந்தப் பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணாதான்னு காத்திட்டிருக்க ஆரம்பிச்சிடுவேன். நேத்து ஒரு மூட்டையில முடிச்சு சரியில்லாம இருந்துச்சு, சொல்லாம விட்ரலாமான்னு பாத்தேன். போதுமா?"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோட்டைத் திருப்பிப் போட்டு, பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்து என்னிடம் நீட்டினார். தையல் பிரிப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை.

பிரித்தேன். கோபத்தோடுதான் பிரித்தேன். மற்றவர்கள் துணிக்கு அப்பா போடும் தையல் வேறு. இதில் ஒவ்வொன்றும் நெருக்கமாக, பிளேடு நுனி நுழைய இடமில்லாமல் இருந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து, மெதுவா பண்ணு, துணி கிழிஞ்சிடப் போகுது, படிச்ச கைக்கு ஒரு நூலைப் பிரிக்கத் தெரியல என்று விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சத்தமாக ஜெபம் பண்ணினாள். நன்றி என்று ஆரம்பித்தாள், நடுவில் நிறுத்தினாள், பிறகு, "இன்னும் ஆசை போகல, பாத்துக்கோங்க" என்று மேலே இருப்பவரிடம் கொஞ்சம் அதட்டலாகவே சொல்லி முடித்தாள்.

காலையில் அப்பா கோட்டைத் தேய்த்து, மடித்து, தாளில் சுற்றி நூலால் கட்டினார். வழக்கமான முடிச்சு இல்லை; ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டார். அம்மா அதைக் கவனித்தாள். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இருந்தவரை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். வழியில் அவள் அந்த முடிச்சில் விரலை வைக்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாள். வந்ததும், குடத்துக்கு இன்னும் யாரும் மூடி மாற்றவில்லையா என்று கத்தினாள்.